சான் பிரான்சிஸ்கோ ஜப்பான்டவுன் விழாக்கள்: எதைப் பார்ப்பது, எப்போது போவது?

ஃப்ரீமான்ட்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் தொடக்கத்தில் என் பெற்றோர் மதுரையிலிருந்து வருகிறார்கள், ஆகஸ்ட் வரை இருப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானியர் பகுதியான ஜப்பான்டவுனில் ஏப்ரலில் நடக்கும் செர்ரி மலர் விழாவுக்கு அவர்களையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிப்போக ஆசை. மகள் எந்நேரமும் வரைந்துகொண்டே இருப்பாள். அப்பா மிருதங்கம் கற்றவர், தாளம் என்றால் எங்கு வேண்டுமானாலும் வருவார். அலுவலகத்தில் கேட்டால், "அங்கே சாப்பாட்டு வரிசையும் கூட்டமும்தான், வேறு ஒன்றும் இல்லை" என்கிறார்கள். உண்மையிலேயே அப்படித்தானா? மேளம், நடனம், பூ அலங்காரம், தேநீர்ச் சடங்கு இதெல்லாம் நன்றாகப் பார்க்க எப்போது போகலாம்?

கியோத்தோ_நினைவு:
வேலை நிமித்தமாகக் கியோத்தோவிலும் ஒசாகாவிலும் பல வருடம் இருந்தேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன். ஜப்பானில் சகுரா, அதாவது செர்ரி பூக்கும் காலம் என்றால் மரத்தடியில் பாய் விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டு, பூ உதிர்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பது. சான் பிரான்சிஸ்கோவில் நடப்பது ஊர்வலம், அலங்கார வண்டி, விழா ராணிக்குக் கிரீடம், ஒலிபெருக்கி. இது ஜப்பான் பாணி அல்ல, முழுக்க அமெரிக்கப் பாணி. ஜப்பானியக் கலை பார்க்க வேண்டுமென்றால் காசு சேர்த்து ஜப்பானுக்கே போய்வாருங்கள். இங்கே போவதென்றால் ஒரு நாள் கேளிக்கை என்ற அளவில் போகலாம்.

பீப்பாய்_மேளம்:
கியோத்தோ நண்பரே, நீங்கள் அங்கே பார்த்தது பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் கியோத்தோவை அளவுகோலாக வைத்து இந்த ஊர் விழாவை அளந்தால் எதுவும் பிடிபடாது. நான் இங்கே தைக்கோ என்ற ஜப்பானிய மேளம் கற்றுக்கொள்கிறேன், அதனால் மேளத்திலிருந்தே தொடங்குகிறேன்.

வெவ்வேறு அளவு மேளங்களைப் பலர் சேர்ந்து மேடையில் அடிக்கும் வடிவம் ஜப்பானிலேயே பழையது கிடையாது. நாகானோ பகுதியில் தைஹாச்சி ஓகுச்சி என்ற ஜாஸ் டிரம்மர் 1951-ல் அதை உருவாக்கினார். ஜாஸ் டிரம் செட்டில் ஒருவர் செய்யும் வேலையைப் பல மேளங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அவரிடம் பயின்ற செய்இச்சி தனாக்கா 1967-ல் அமெரிக்கா வந்து, மறுவருடம் சான் பிரான்சிஸ்கோ தைக்கோ டோஜோ என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்த நாட்டில் தைக்கோ குழு என்ற ஒன்று உருவானது அங்கிருந்துதான். 1969-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பௌத்த ஆலயத்தில் கின்னரா தைக்கோ வந்தது. 1973-ல் சான் ஹோசே தைக்கோ. இன்று அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கில் குழுக்கள் இருக்கின்றன. தனாக்காவுக்கு 2001-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருதும் கிடைத்தது.

மேளம் செய்வதிலேயே இந்த ஊரின் கை தெரியும். ஜப்பானில் கெயாக்கி மரத்தின் முழுத் தண்டைக் குடைந்து மேளம் செய்வார்கள். விலை எக்கச்சக்கம். இங்கே அந்தக் காசு யாரிடம் இருந்தது? கலிஃபோர்னியாவில் தாராளமாகக் கிடைத்தவை ஒயின் பீப்பாய்கள். அவற்றின் ஓக் பலகைகளை ஒட்டி, இழைத்து, ஊறவைத்த மாட்டுத்தோலைப் போர்த்தி, கார் ஜாக்கி வைத்து இழுத்து இறுக்கி, சுற்றி ஆணி அடித்தார்கள். அந்த ஓசைக்கென்று ஒரு கனம் இருக்கிறது. உங்கள் அப்பா முன்வரிசையில் நிற்க வேண்டும் அம்மா. தோல் இறுக்கத்தை அவர் காது உடனே பிடித்துவிடும்.

இன்னொன்று. தனாக்கா வழியில் பயிற்சி என்றால் ஓட்டம், தண்டால் எல்லாம் உண்டு. கை மட்டும் அடித்தால் போதாது, இடுப்பிலிருந்து அடி வர வேண்டும் என்பார்கள். விழா மேடையில் பத்து நிமிடம் தெரிவதற்குப் பின்னால் வருடம் முழுக்க ஒரு கூட்டம் வேலை செய்கிறது. அதைக் கேளிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டர்_தெரு:
மேளக்காரரோடு ஒத்துப்போகிறேன். அந்தத் தெருக்களின் கதை தெரிந்தால் விழா ஏன் அப்படி இருக்கிறது என்பதும் புரியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1906 நிலநடுக்கத்துக்கு முன்பு இங்கிருந்த ஜப்பானியர்கள் சைனாடவுன் பக்கமும் சவுத் பார்க் பக்கமும் இருந்தார்கள். ஊர் எரிந்தபோது வெஸ்டர்ன் அடிஷன் பகுதி பெரும்பாலும் தப்பியது. அங்கே குடிபோனவர்கள்தான் இன்றைய ஜப்பான்டவுனை உருவாக்கினார்கள். 1940 வாக்கில் 5,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய நேரத்தில், 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். அதன்படி மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் பலரை முதலில் சான் புரூனோவில் இருந்த டான்ஃபொரான் குதிரைப் பந்தய மைதானத்தில் அடைத்தார்கள். குதிரை கட்டிய கொட்டடியில் குடும்பங்களைத் தங்கவைத்தார்கள். பிறகு யூட்டா பாலைவனத்தில் டோபாஸ் முகாம். காலியான வீடுகளில் கப்பல் தளங்களில் வேலைக்கு வந்த கறுப்பினத்தவர்கள் குடியேறினார்கள்.

போர் முடிந்து திரும்பியவர்கள் மறுபடி கடை திறந்து காலூன்றிய நேரத்தில் நகரச் சீரமைப்புத் திட்டம் வந்தது. கியரி தெருவை அகலமாக்க வீடு வீடாக இடித்தார்கள். ஜப்பானியர், கறுப்பினத்தவர் இரு சாராரும் வெளியேறினார்கள். இடித்த இடத்தில் எழுந்ததுதான் 1968-ல் திறந்த ஜப்பான் சென்டர் வணிக வளாகம். வரைந்தவர் மினோரு யமாசாக்கி, நியூயார்க் உலக வர்த்தக மையக் கோபுரங்களை வடிவமைத்தவர். நடுவில் இருக்கும் ஐந்தடுக்கு அமைதி பகோடா ஒசாகா மக்கள் தந்தது, யோஷிரோ தனிகுச்சி வடிவமைத்தது.

செர்ரி மலர் விழா ஆரம்பித்ததும் அதே 1968-ல்தான். ஒரே தலைமுறையில் இரண்டு தடவை ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்கள், "நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று நகர மன்றத்து வாசலிலிருந்து தங்கள் தெருவரை ஊர்வலமாக நடக்கிறார்கள். ஒதுக்குப்புறப் பூங்காவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தால் அந்தச் செய்தி யார் காதிலும் விழுந்திருக்காது. ஊர்வலம் அமெரிக்கப் பாணிதான், கியோத்தோ நண்பர் சொல்வது சரி. நடந்தவர்களும் அமெரிக்கர்கள்தானே.

போனால் 1830 சட்டர் தெருவில் இருக்கும் கட்டடத்தை வெளியே நின்றாவது பாருங்கள். ஜூலியா மார்கன் வடிவமைத்து 1932-ல் கட்டியது, ஜப்பானியப் பெண்களுக்கான ஒய்டபிள்யூசிஏ (கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கம்). உள்ளே 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகத்துக்கான மேடைகூட வைத்தார்கள். முதல் தலைமுறைப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. ஆனால் கலிஃபோர்னியாவின் அன்னியர் நிலச் சட்டத்தால் அவர்கள் பெயரில் சொத்து வாங்க முடியாது. அதனால் நகரத்து ஒய்டபிள்யூசிஏ பெயரில் பதிவானது. 1990-களில் அது விற்பனைக்கு வந்தபோது, யாருடைய காசில் கட்டியது என்று சமூகத்தினர் நீதிமன்றம் போய்ப் போராடினார்கள். 2002-ல் சமரசம் ஆகி, கட்டடம் அங்கே மழலையர் பள்ளி நடத்திவந்த நிஹோன்மாச்சி லிட்டில் ஃப்ரெண்ட்ஸ் கைக்கு வந்தது. இன்றும் அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

ஃப்ரீமான்ட்_அம்மா:
எத்தனையோ முறை அந்த மாலில் ராமென் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். இது எதுவும் அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மிக்க நன்றி.

மோச்சி_பிரியை:
சாப்பாட்டு வரிசையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்! விழாவில் பல கடைகளை நடத்துவது பள்ளிகளும் ஆலயங்களும் இளைஞர் குழுக்களும். அந்த வருமானத்தில்தான் அவர்களின் வருடச் செலவு ஓடும். வாங்கிச் சாப்பிடுவதும் கலைக்குச் செய்கிற உதவிதான்.

பெங்கியோடோ கடையின் மஞ்ஜு என்ற இனிப்பு இப்போது கிடைக்காது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1906-ல் தொடங்கிய கடை, 2022 மார்ச் கடைசியோடு மூடிவிட்டார்கள். கடைசி வாரங்களில் விடியற்காலையிலேயே வரிசை. பீன்ஸ் பூரணம் வைத்த மோச்சி என்ற அரிசி மாவு இனிப்பு, பக்கத்தில் காபி கௌண்ட்டரில் ஊர்க்கதை பேசும் பெரியவர்கள். அந்த மாதிரி இடம் போனால் திரும்ப வராது.

கியோத்தோ_நினைவு:
சட்டர் தெரு நண்பர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஊர்வலத்தின் நியாயம் புரிகிறது, அதில் நான் வாதாட மாட்டேன். ஆனால் கலையின் தரம் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது. தேநீர்ச் சடங்கை நாற்காலி போட்ட மண்டபத்தில், மைக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டே அரைமணிக்குள் முடிக்கிறார்கள். பக்கத்து மேடையில் பாட்டு. வாசல் குனிந்து நுழைவது, உலையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்கிற அமைதி, கிண்ணத்தைத் திருப்பிப் பார்க்கிற நேரம், இவை போனபின் மிஞ்சுவது பச்சைத் தேநீர் மட்டும். மக்கள் அதைப் பார்த்து "தேநீர்ச் சடங்கு பார்த்தாயிற்று" என்று நினைத்துக்கொள்வார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இக்கெபானா_தோழி:
நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். விழா நாளில் தேநீரை நிதானமாகப் பார்க்க முடியாது. ஆனால் அந்த அரைமணியில் ஆர்வம் வந்து, பிறகு ஊராசென்கே என்ற தேநீர்ப் பள்ளி மாதிரி முறையான இடத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். செய்துகாட்டல் ஒரு வாசல். உள்ளே வருவதும் வராததும் பார்ப்பவர் விருப்பம்.

நான் இக்கெபானா, அதாவது ஜப்பானியப் பூ அலங்காரம் கற்கிறேன். அதற்கு விழாக் கூட்டம் ஒரு தடை இல்லை, ஏனென்றால் அலங்காரம் அசையாமல் நிற்கும், நீங்கள்தான் நகர வேண்டும். கண்காட்சியில் ஒவ்வொரு பள்ளியின் வேலையும் தனித்தனியாக இருக்கும். இக்கெனோபோ பழையது, 500 வருடத்துக்கும் மேலான மரபு. சோகெட்சு 1927-ல் வந்தது, அதில் இரும்புக் கம்பி, பிளாஸ்டிக் எல்லாம் சேரும். உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: பூவைப் பார்க்காமல் பூக்களுக்கு நடுவே விட்ட காலி இடத்தை வரையச் சொல்லுங்கள். ஓவியம் பழகுகிற குழந்தைக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

இந்த ஊரில் இக்கெபானாவைப் பரப்பியவர்களில் ஹருக்கோ ஒபாத்தா முக்கியமானவர். அவர் கணவர் சியுரா ஒபாத்தா பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தவர். 1942-ல் இருவரையும் டான்ஃபொரானில் அடைத்தார்கள். போன சில வாரத்திலேயே ஒபாத்தா அங்கே ஒரு ஓவியப் பள்ளி திறந்தார். 600 பேருக்கு மேல் படித்தார்கள், குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை. டோபாஸிலும் அதைத் தொடர்ந்தார். ஹருக்கோ முகாமிலும் பூ அலங்காரம் கற்பித்தார், பாலைவனத்தில் கிடைத்ததை வைத்து. என் ஆசிரியை பூ கிடைக்காத நாளில் காய்ந்த குச்சியைக் கொடுத்து வைக்கச் சொல்வார். அன்றைக்கு எனக்கு ஹருக்கோதான் நினைவுக்கு வருவார்.

மகள் வரைபவள் என்பதால் புக்கானன் தெரு நடைபாதையில் ரூத் அசாவாவின் ஒரிகாமி நீரூற்றுகளை மறக்காமல் காட்டுங்கள். காகிதம் மடித்ததுபோல உலோகத்தில் செய்தவை. அசாவா கலிஃபோர்னியாவில் காய்கறிப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் சாண்டா அனிட்டா பந்தய மைதானத்தில் அடைபட்டிருந்தபோது, அதே இடத்தில் அடைபட்டிருந்த டிஸ்னி ஓவியர்களிடம் வரையக் கற்றார். பின்னாளில் இந்த ஊர்ப் பள்ளிகளில் கலை வகுப்பு வர அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. இன்று அரசு கலைப் பள்ளி ஒன்று அவர் பெயரில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை_வாசகன்:
நான் வேறு ஒரு குறை சொல்கிறேன். போனமுறை போனபோது பாதிப் பேர் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்களின் வேடத்தில். கிமோனோ அணிந்த பாட்டியைவிட நீல முடி வைத்த பையன்களைத்தான் எல்லாரும் படம் பிடித்தார்கள். சட்டர் தெரு நண்பர் சொன்ன வரலாறும் இதுவும் எப்படி ஒட்டும்? வேடம் போடுகிறவர்களுக்குத் தனி நாள் ஒதுக்கலாமே.

பீப்பாய்_மேளம்:
ஒதுக்க வேண்டாம் என்பேன். மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதையும் இந்த ஊர்க் கதைதான். அமெரிக்காவில் மங்காவை ஆங்கிலத்தில் பரப்பிய விஸ் நிறுவனம் 1986-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. கினோகுனியா புத்தகக் கடையின் முதல் அமெரிக்கக் கிளை 1969-ல் ஜப்பான் சென்டரில்தான் திறந்தது. எங்கள் தைக்கோ வகுப்பில் பாதிப் பேர் ஜப்பானிய வம்சாவளி இல்லை. சிறுவயதில் அனிமே பார்த்து, அதன் வழியாக மேளத்துக்கு வந்தவர்கள் உண்டு. ஜப்பான்டவுனில் வசிக்கும் ஜப்பானிய அமெரிக்கர்கள் இப்போது குறைவு. அமெரிக்காவிலேயே எஞ்சியிருக்கும் பழைய ஜப்பான்டவுன்கள் மூன்றுதான்: இது, சான் ஹோசே, லாஸ் ஏஞ்சலஸின் லிட்டில் டோக்கியோ. தோள் கொடுக்க வருகிறவனின் தலைமுடி நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

தோள் என்று சொன்னது சும்மா இல்லை. ஊர்வலத்தின் கடைசியில் தரு மிக்கோஷி வரும். சாக்கே என்ற அரிசி மதுவின் பீப்பாய்களைக் கோபுரமாக அடுக்கிக் கட்டி, நூறு பேருக்கு மேல் முறை மாற்றித் தூக்கி வருவார்கள். கோயில் சப்பரம் தூக்கிப் பழகியவர்களுக்கு அந்தக் குலுக்கலும் கூவலும் உடனே புரியும். யார் எங்கே நிற்பது, எப்போது தோள் மாற்றுவது என்று முன்னால் நடப்பவர் விசிறியால் காட்டுவார். தூக்குகிறவர்களில் எல்லா இனத்தவரும் உண்டு. ஊர்வலம் பார்க்கப் போனால் மிக்கோஷி வரும்வரை கிளம்பாதீர்கள். பலர் பாதியில் போய்விடுவார்கள்.

கியோத்தோ_நினைவு:
மிக்கோஷி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். ஜப்பானிலும் பல ஊர்களில் தூக்க ஆளில்லாமல் வெளியூர்க்காரர்களைக் கூப்பிடுகிறார்கள். தேநீர் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஃப்ரீமான்ட்_அம்மா:
இன்னொரு கேள்வி. அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டத்தில் நீண்ட நேரம் நிற்க முடியாது. ஏப்ரலைத் தவிர வேறு நல்ல சமயம் இருக்கிறதா? ஜூலையில் ஏதோ நடனம் இருக்கும் என்று ஒருவர் சொன்னார்.

இக்கெபானா_தோழி:
ஓபோன்! என்னைக் கேட்டால் ஏப்ரலைவிட அதுதான். இறந்துபோன முன்னோர்களை நினைத்துச் செய்யும் விழா. சான் பிரான்சிஸ்கோ பௌத்த ஆலயம் 1898 முதல் இருப்பது, ஜூலையில் அவர்கள் நடத்துவார்கள். தெருவில் வட்டமாக நின்று எல்லாரும் ஆடுவது போன் ஓதோரி. அமெரிக்க ஆலயங்களில் இதைக் கற்றுக்கொடுத்துப் பரப்பியவர் யோஷியோ இவனாகா என்ற பௌத்தத் துறவி, 1930-களில். வட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம். முன்னால் ஆடுபவரின் கையைப் பார்த்துச் செய்தால் போதும். "தங்கோ புஷி" என்ற சுரங்கத் தொழிலாளர் பாட்டு கட்டாயம் வரும்: நிலக்கரியைத் தோண்டுவது, தோளுக்குப் பின்னால் வீசுவது, நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது, வண்டியைத் தள்ளுவது. இரண்டு சுற்றில் உங்கள் மகளுக்கு வந்துவிடும்.

விழாவுக்கு முந்தைய வாரங்களில் மாலை நேரத்தில் ஆலயத்தில் பயிற்சி நடக்கும், புதியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு உட்கார நாற்காலி கிடைக்கும், ஓரமாக உட்கார்ந்து கையசைவை மட்டும் செய்கிற பாட்டிகள் நிறைய. அதே மாதத்தில் சான் ஹோசேயிலும் ஓபோன் உண்டு, அது இன்னும் பெரியது, ஃப்ரீமான்ட்டிலிருந்து உங்களுக்குப் பக்கமும்கூட.

சட்டர்_தெரு:
கோல்டன் கேட் பூங்காவில் இருக்கும் ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1894 கண்காட்சிக்காகப் போட்டது. மக்கோட்டோ ஹகிவாரா என்ற தோட்டக்காரர் 1925-ல் இறக்கும்வரை வளர்த்தெடுத்தார், குடும்பமும் உள்ளேயே வசித்தது. 1942-ல் அவர்களையும் வெளியேற்றி, வீட்டை இடித்து, பெயரைக்கூட "ஓரியன்டல் தேநீர்த் தோட்டம்" என்று மாற்றினார்கள். பழைய பெயர் 1952-ல்தான் திரும்பியது. ஹகிவாரா குடும்பத்துக்குத் தோட்டம் திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்தப் பாலத்தில் நின்று படம் எடுக்கிற ஒவ்வொருவரும் அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. காலையில் திறந்தவுடன் போனால் கூட்டம் இருக்காது. ஆனால் படியும் சரிவும் நிறைய, அம்மாவுக்குக் கீழ்ப்பாதை போதும்.

ஃப்ரீமான்ட்_அம்மா:
அப்படியானால் இப்படிச் செய்கிறேன். ஏப்ரலில் விழாவின் முதல் வாரஇறுதியில் அப்பாவும் மகளும் மட்டும், மேளத்துக்கும் பூக்களுக்கும். இரண்டாம் வாரஇறுதி ஞாயிறு ஊர்வலத்துக்குக் கூட்டம் அதிகம் என்பதால் அம்மா இல்லாமல் நான் மட்டும் அவர்களோடு, மிக்கோஷி வரும்வரை. ஜூலையில் எல்லாருமாக ஓபோன். வண்டியை எங்கே நிறுத்துவது?

மோச்சி_பிரியை:
விழா நாளில் வண்டியே வேண்டாம். பேருந்து 38 கியரி தெருவில் பக்கத்திலேயே நிற்கும், 22 ஃபில்மோர் தெருவில். நீங்கள் ஃப்ரீமான்ட்டில் பார்ட் ரயில் ஏறி பவல் நிலையத்தில் இறங்கி, கியரி பக்கம் நடந்து 38 பிடித்தால் நேராக வந்துவிடலாம். ஊர்வல நாளில் போஸ்ட் தெருவில் ஃபில்மோர் பக்கம் நின்றால் மிக்கோஷி முடிகிற இடம் தெரியும். பகோடா சதுக்கம் 2024-லிருந்து சீரமைப்புக்காகத் தோண்டிக் கிடந்தது, மேடை எங்கே போடுகிறார்கள் என்று விழாப் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும், சின்னக் கடைகளுக்கு உதவும்.

பீப்பாய்_மேளம்:
முதல் வாரஇறுதியில் எங்கள் குழுவும் வாசிக்கும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வாருங்கள், வாசித்து முடித்ததும் பெரிய மேளத்தில் அவர் கை வைத்துப் பார்க்கட்டும். நேரம் முடிவானதும் இங்கேயே எழுதுகிறேன்.